இருசக்கர வரலாறு – 11: நீடில் தீர்மானித்த வேகம்

யமஹா ஆர்.எக்ஸ். 100 பற்றிப் பேச்செடுத்தால் பாறசாலை, காரக்கோணம், வெள்ளறடை வட்டாரத்து வர்க் ஷாப்களில் இரண்டு கருத்துகளை அசைக்க முடியாது. அந்த வண்டியின் பிக்கப்புக்கு ஈடு இல்லை என்பது ஒன்று. அந்தப் பிக்கப் இன்னும் கூட வேண்டுமானால் கம்பெனி கொடுத்த 20 மி.மீ. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு 24, 26 என்று பெரிதாக ஒன்றை மாட்ட வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கருத்தோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவது, கார்புரேட்டரின் வரலாற்றையே தலைகீழாகப் படிப்பதால் வருகிற தவறு என்பது என் வாதம். வேகத்துக்குப் பெயர்போன கார்புரேட்டர்கள் வளர்ந்த கதையை வாயை அகலமாக்கிய கதையாகவே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். பர்மிங்காமில் தொடங்கி, ஜப்பான் வழியாக, திருவொற்றியூருக்கும் மறைமலை நகருக்கும் வந்து சேர்ந்த அந்தப் பாதையில் உண்மையான உழைப்பெல்லாம் வேறொரு இடத்தில் நடந்தது. ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசி, அரைவாசி முறுக்கும்போது காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்கச் செய்வதுதான் அந்த இடம்.

கார்புரேட்டர் செய்யும் வேலையைச் சொல்வது எளிது. மழைக்காலத்துக்கு முன் ரப்பர் மரங்களுக்கு மருந்தடிக்கும் மிஸ்ட் ஸ்ப்ரேயரில் வேகமாகப் போகும் காற்று மருந்தை இழுத்துப் புகைபோலச் சிதறடிப்பதைப் போல, கார்புரேட்டரின் குறுகிய வாயில் பாயும் காற்று அடியிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தூளாக்குகிறது. 1893-லேயே ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கியும் சோங்காவும் இந்தத் தத்துவத்தில் கருவி செய்துவிட்டார்கள். இழுப்பதில் சிரமமில்லை, அளவில்தான் சிரமம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். முழு பலம் வேண்டுமானால் காற்றைச் சற்றுக் குறைத்து 12.5, 13 என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சின் ஐடிலில் முனகும்போது குடிக்கும் காற்றுக்கும் உச்ச வேகத்தில் குடிக்கும் காற்றுக்கும் பல மடங்கு வித்தியாசம். ஒரே ஒரு ஓட்டை இந்த எல்லா நிலைகளிலும் சரியாகப் பெட்ரோல் கொடுக்காது. குறைந்த காற்றில் கலவை லீன் ஆகும் (பெட்ரோல் குறையும்), அதிகக் காற்றில் ரிச் ஆகும் (பெட்ரோல் கூடும்). அதன் பிறகு 127 ஆண்டுகளுக்கு கார்புரேட்டர் வடிவமைப்பாளர்களின் வாழ்க்கை இந்த ஒரு கணக்கோடு போராடியே கழிந்தது என்றால் மிகையில்லை.

1927-ல் பர்மிங்காமில் ஏமேக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து ஆமல் ஆயின. அடுத்த நாற்பது ஆண்டுகளில் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் என்றால் அதில் ஆமல் கார்புரேட்டர் இருக்கும் என்ற நிலை வந்தது. ஆமல் நிலைநிறுத்திய அமைப்பு இதுதான்: கேபிள் இழுக்க மேலே ஏறும் ஒரு உருளை ஸ்லைடு, அதன் நடுவில் தொங்கும் கூம்பு வடிவ நீடில், அந்த நீடில் நுழைந்து நிற்கும், பெட்ரோல் வரும் துவாரமான நீடில் ஜெட். ஸ்லைடு ஏற ஏற நீடிலும் ஏறும், அதன் மெலிந்த பகுதி ஜெட்டுக்குள் வரும், சுற்றியுள்ள இடைவெளி அகலும், பெட்ரோல் கூடும். இதன் நுட்பம் பொறுப்பைப் பங்கு பிரித்ததில் இருக்கிறது. முறுக்கத் தொடங்கும் முதல் எட்டில் ஒரு பங்கு பைலட் ஜெட்டுக்கும் ஏர் ஸ்க்ரூவுக்கும். அங்கிருந்து கால்வாசி வரை ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டிய பகுதிக்கு. கால்வாசி முதல் முக்கால்வாசி வரை நீடிலுக்கும் நீடில் ஜெட்டுக்கும். கடைசிக் கால்வாசி மட்டுமே மெயின் ஜெட்டுக்கு. எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படரும். ஆனாலும் ஒன்றை மாற்றினால் மற்றவை பெரும்பாலும் கெடாமல் நிற்கும். மூன்று பகுதிகள் குறைந்த, நடுத்தர முறுக்குக்கு. ஒன்று மட்டும் உச்சத்துக்கு. எதற்கு எவ்வளவு கவனம் கொடுத்தார்கள் என்பதற்கு இந்தப் பங்கீட்டைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆமலின் அடுத்த இரண்டு பெரிய மாற்றங்களும் இதே திசையில்தான். பழைய ஆமல்களில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் சேம்பர் தனிப் பாத்திரமாகப் பக்கத்தில் தொங்கும். 1950-களின் நடுவில் வந்த மோனோபிளாக் அதை உடலோடு ஒரே வார்ப்பாக்கியது. 1967-ல் வந்த கான்சென்ட்ரிக் அதை நேராக ஜெட்டுக்கு அடியில், ஜெட்டைச் சுற்றிக் கொண்டுவந்தது. ஏன் இத்தனை மெனக்கெடல்? ஃப்ளோட் சேம்பர் ஜெட்டிலிருந்து 5 செ.மீ. முன்னோ பின்னோ தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள ஏற்றத்தில் ஜெட்டருகே பெட்ரோல் மட்டம் அரை செ.மீ. மாறிவிடும். அரை செ.மீ.தானே என்று தோன்றும். கொஞ்சம் கழித்து வரும் கணக்கில் அந்த அரை செ.மீ. எவ்வளவு பெரியது என்று தெரியும். சென்னைக்கும் இந்தக் கதையில் இங்கேதான் இடம் வருகிறது. மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிட்ச் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் 350 சி.சி. புல்லட்டைப் பூட்டத் தொடங்கியது மோனோபிளாக் புதிதாக வந்த அதே காலத்தில்தான்.

ஜப்பானின் மிக்குனி 1923-ல் தொடங்கிய கம்பெனி. 1960 வாக்கில் ஆமலோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்துகொண்டது. அதிலிருந்து கிளைத்ததுதான் வி.எம். என்ற உருளை ஸ்லைடு வரிசை. அடிப்படை ஆமலுடையது; திருத்தங்கள் மிக்குனியுடையவை. ஆமலில் ஸ்லைடும் உடலும் ஒரே வகைத் துத்தநாகக் கலவை என்பதால் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு, ஓரத்தில் காற்று புகுந்து, ஐடில் நிற்காமல் போவது வாடிக்கை. மிக்குனி ஸ்லைடுக்குக் குரோம் பூச்சுக் கொடுத்தது. ஜெட், நீடில், ஸ்லைடு ஒவ்வொன்றையும் நுண்ணிய படிகளில், எண் போட்டு, தனித்தனியாக வாங்கும்படி வரிசைப்படுத்தியது. குதிரைச் சக்தியைக் கூட்டுவதைவிட இது பெரிய காரியம் என்று கருதுகிறேன். இந்த எண்களின் துணையால் ஜப்பானில் தீர்மானித்த கலவையை உலகின் எந்த மூலையிலும் மறுபடி உண்டாக்க முடிந்தது. தேவைப்பட்டால் அந்த மூலைக்கு ஏற்றபடி மாற்றவும் முடிந்தது.

1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுஸுகி வந்தது. 1985 இறுதியில் எஸ்கார்ட்ஸ் யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ வெளியிட்டது. 98 சி.சி., 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், 7500 ஆர்.பி.எம்.மில் 11 குதிரைச் சக்தி, ஏறத்தாழ 100 கிலோ எடை, வாயில் மிக்குனி வி.எம். 20. இந்த 20 மி.மீ. சிக்கனத்துக்காக வைத்த குறை என்பவர்கள் உண்டு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் மூச்சு இழுக்கும். 7500 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு முறையும் முழுக்க நிரம்பினால் நிமிடத்துக்கு 735 லிட்டர், அதாவது நொடிக்கு 12 லிட்டருக்குச் சற்று மேல் காற்று. 20 மி.மீ. வாயின் பரப்பு 3.14 சதுர செ.மீ. அதில் காற்று நொடிக்குச் சுமார் 39 மீட்டர் வேகத்தில் பாயும். அந்த வேகத்தின் இழுப்பு பெட்ரோலை ஏறத்தாழ 12 செ.மீ. உயரத்துக்குத் தூக்கும். 24 மி.மீ. வாயில் பரப்பு 4.52 சதுர செ.மீ.; வேகம் 27 மீட்டர்; தூக்கும் உயரம் 6 செ.மீ. வேகத்தின் வர்க்கத்தில் இழுப்பு மாறுவதால், 4 மி.மீ. கூட்டியதும் இழுப்பு பாதியாகிவிடுகிறது. உச்சத்தில் அந்தப் பாதியும் போதும். சிக்கல் கீழே இருக்கிறது. 3000 ஆர்.பி.எம்.மில் சட்டென்று முழுக்க முறுக்கினால் 20 மி.மீ. வாயில் தூக்கும் உயரம் சுமார் 2 செ.மீ.; 24 மி.மீ. வாயில் ஒரு செ.மீ. பெட்ரோல் வெளிவரும் நாசிலின் வாய் எப்போதும் ஃப்ளோட் சேம்பரின் பெட்ரோல் மட்டத்துக்கு மேலேதான் இருக்கும். முதலில் பெட்ரோல் அந்த உயரம் ஏறியாக வேண்டும். இவை சராசரிக் கணக்குகள். காற்று துடித்துத் துடித்து வருவதால் நிஜத்தில் இழுப்பு சில நொடித்துளிகளில் இதைவிட வலுவாகவே இருக்கும். ஆனால் இரண்டு வாய்களுக்கும் இடையிலான விகிதம் மாறாது. 2 செ.மீ. இழுப்புக்கு முன்னால் மேலே சொன்ன அரை செ.மீ. மட்ட மாற்றம் கால் பங்கு. ஆமல் ஃப்ளோட் சேம்பரை ஜெட்டுக்கு அடியில் கொண்டுவரப் பாடுபட்டதன் நியாயம் இப்போது விளங்கும்.

காரக்கோணம் பக்கத்துச் சாலைகளை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி, வளைந்து, இறங்கி, மறுபடி ஏறும் சாலைகள். வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டு, வளைவு முடிந்ததும் ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே முறுக்கும் ஓட்டம். எஞ்சின் 3000, 4000-க்கு இடையில்தான் அதிகம் இருக்கும். கை கால்வாசியிலிருந்து அரைவாசிக்கும் திரும்பக் கால்வாசிக்கும் போய்க்கொண்டே இருக்கும். மெயின் ஜெட் இங்கே வேலைக்கு வருவது அபூர்வம். ஆர்.எக்ஸ். 100-ன் பிக்கப் என்று இந்த ஊர்கள் கொண்டாடுவது நீடிலும் ஸ்லைடின் சாய்வும் குறுகிய வாயின் காற்று வேகமும் சேர்ந்து கொடுத்ததை. கூடவே ரீட் வால்வு இருக்கிறது; உள்ளே போன கலவை திரும்பக் கார்புரேட்டருக்கே துப்பப்படாமல் அது தடுத்ததால்தான் குறைந்த ஆர்.பி.எம்.மிலும் அளவு கெடாமல் நின்றது. வண்டியின் எடைக் குறைவுக்கும் பங்கு உண்டு. எல்லாப் புகழையும் கார்புரேட்டருக்கே எழுதிவைப்பது நியாயமில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஸ்லைடு கார்புரேட்டரில் கால்வாசி முறுக்கும்போது வாயின் அகலத்தை ஸ்லைடே குறுக்கிவிடுகிறதே, பிறகு முழு அகலம் 20 ஆனால் என்ன, 24 ஆனால் என்ன என்று கேட்கலாம். பந்தயத்துக்குத் தயார் செய்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள். சோழவரத்து விமான ஓடுதளத்தில் ஓடிய காலத்திலும், 1990-க்குப் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும், பெரிய வாய் வைத்த வண்டிகள் முன்னால் போனதை யாரும் மறுக்க முடியாது. மறுக்கத் தேவையும் இல்லை. நேர்ப்பாதையில் முழு முறுக்கில் நிற்கும் வண்டிக்கு மெயின் ஜெட்டும் அகல வாயும்தான் எல்லாம். போர்ட்டும் சைலன்சரும் அந்த அதிகக் காற்றை வாங்கும்படி மாற்றப்பட்டிருந்தால் பலம் கூடும். பொறுமையாகத் திறக்கும் கை இருந்தால், ஸ்லைடு வேகத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும் என்பதும் சரியே. ஆனால் ஏற்றத்தில் லாரியை முந்தும் கை பொறுமையாகத் திறக்காது. ஸ்லைடு ஒரே வீச்சில் மேலே போகும், எஞ்சின் வேகம் அதோடு ஏறாது, இழுப்பு சரியும், வண்டி ஒரு கணம் மூச்சடைத்து நின்றுவிட்டுப் பிறகு பாயும். அந்தப் பாய்ச்சலைத்தான் பிக்கப் கூடிவிட்டதாகப் பலர் உணர்கிறார்கள். அதற்கு முந்திய அடைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

வாயின் அளவு பலத்தைத் தீர்மானிக்கவில்லை என்பதற்கு ராஜ்தூத் 350 இன்னொரு சான்று. ஜப்பானிய யமஹா ஆர்.டி. 350-க்கு 39 குதிரைச் சக்தி. அதையே எஸ்கார்ட்ஸ் 1983-ல் இங்கே கொண்டுவந்தபோது 30.5, பின்னர் மைலேஜுக்காக லோ டார்க் என்று வந்ததில் 27. மூன்றும் அதே 347 சி.சி. இரட்டைச் சிலிண்டர், மூன்றிலும் இரண்டு 28 மி.மீ. மிக்குனி. பலத்தைக் குறைக்கப் போர்ட்டிலும் சைலன்சரிலும் கை வைத்தார்கள். அதற்கேற்ப ஜெட்டுகளை மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது. இங்கே இவ்வளவு போதும்.

கார்புரேட்டர் முழுக்க வெளிநாட்டுச் சரக்கு, இதில் நம் வரலாறு என்ன இருக்கிறது என்பது வேறொரு ஆட்சேபம். மிக்குனியே வி.எம். வரிசையை ஆமலிடம் உரிமம் வாங்கித்தான் தொடங்கியது என்பது அதற்கு ஒரு பதில். மற்றொரு பதில் மறைமலை நகரில் இருக்கிறது. 1980-களில் மிக்குனியின் கூட்டோடு அமைந்த யூகால் ஃப்யூல் சிஸ்டம்ஸ் மாருதிக்குக் கார்புரேட்டர் செய்தது. மிக்கார்ப் என்ற பெயரில் வி.எம். வரிசையையும் செய்தது. பர்மிங்காமின் ஆமலோடு பிறந்த புல்லட் 350, பின்னாளில் மிக்கார்ப் வி.எம். 24 போட்டுக்கொண்டு ஓடியது. 350 சி.சி. வண்டிக்கு 24 மி.மீ.! வாய் அகலமே பலம் என்று நம்புகிறவர்களுக்கு இது புதிராகத் தெரியும். 18 குதிரைச் சக்தியை நிதானமாகக் கொடுக்கும் எஞ்சினுக்கு, குறைந்த ஆர்.பி.எம்.மில் காற்று வேகம் குன்றாமல் இருப்பதுதான் தேவை. புல்லட்டின் இழுவை என்று நாம் சொல்வதில் அந்தக் குறுகிய வாய்க்கும் பங்கு உண்டு. ஜெட்டும் நீடிலும் உள்நாட்டிலேயே செய்யப்பட்டதால், மார்த்தாண்டத்திலோ நெய்யாற்றின்கரையிலோ உள்ள ஒரு மெக்கானிக் அவற்றை மாற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிந்தது. கருவியைக் கண்டுபிடித்தது நாமில்லை. அதைத் தலைமுறையாகப் படித்துவைத்திருப்பது நம் மெக்கானிக்குகள். அந்த அறிவை வரலாற்றில் சேர்க்காமல் விடுவது பெரிய அநீதி.

கைக்குப் பதிலாக வெற்றிடமே ஸ்லைடைத் தூக்கும் சி.வி. கார்புரேட்டர்கள் மேலே சொன்ன மூச்சடைப்பைத் தீர்த்துவிட்டன. எஞ்சின் கேட்கும் அளவுக்கு மட்டுமே ஸ்லைடு ஏறும். யூகாலின் பி.எஸ். 29 வந்த புல்லட்டுகளில் 29 மி.மீ. வாய் தொல்லை கொடுக்காததற்குக் காரணம் இதுதான். வாயை அகலமாக்க முடிந்தது, நடுத்தர முறுக்கைக் காப்பாற்ற வழி கண்ட பிறகே.

கார்புரேட்டரைக் கொன்றது புகைக் கட்டுப்பாடு என்பது பாதி உண்மை. 1996 விதிகள் இருசக்கர வண்டிகளுக்குக் கிலோமீட்டருக்கு 4.5 கிராம் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்து 3.6 கிராம் என்று எல்லை வகுத்தன. அந்த ஆண்டு மார்ச்சில் ஆர்.எக்ஸ். 100 நின்றது. ஆனால் அங்கே குற்றவாளி டூ ஸ்ட்ரோக் சிலிண்டர். எக்ஸ்ஹாஸ்ட் போர்ட் திறந்திருக்கும்போதே புதுக் கலவை உள்ளே வருவதால், ஒரு பங்கு எரியாமலே வெளியே போய்விடும். எவ்வளவு துல்லியமான நீடிலும் அதைத் தடுக்க முடியாது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் கார்புரேட்டர் அதன்பிறகும் 24 ஆண்டுகள் வாழ்ந்தது. பாரத் ஸ்டேஜ் 6 வந்த 2020 ஏப்ரல் 1-தான் அதற்குப் பெரும்பாலும் முடிவு கட்டியது. வினையூக்கி மாற்றி நன்றாக வேலை செய்யக் கலவை 14.7-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். புகையை முகர்ந்து நொடிக்கு நொடி திருத்தும் சென்சார் அதற்கு வேண்டும். கார்புரேட்டருக்குத் தான் கொடுத்தது சரியா என்று திரும்பிப் பார்க்கும் வழி இல்லை.

அந்தக் குறை இப்போது வேறு வடிவில் வந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் இந்தக் கலப்புக்கு வேண்டிய காற்று 14.7 இல்லை, சுமார் 13.5. பழைய ஜெட்டோடு ஓடும் ஆர்.எக்ஸ். 100 அதனால் லீனாக ஓடுகிறது. லீனாக ஓடும் டூ ஸ்ட்ரோக் சூடேறும். நீண்ட ஏற்றத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன் உள்ள வண்டி சென்சாரின் துணையால் தானே சரிசெய்துகொள்ளும், வி.எம். 20-க்கு ஒரு கை வேண்டும். நீடிலின் தலையில் ஐந்து காடிகள் இருக்கும்; அவற்றில் ஒன்றில் சிறிய கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் அந்த அளவு உயரும், நடுத்தர முறுக்கில் பெட்ரோல் கூடும். அதற்கு முன் நீடில் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நீடில் அதிர்ந்து உரசியதில் வட்டத் துவாரம் நீள்வட்டமாகியிருந்தால், எந்தக் காடியில் வைத்தாலும் அளவு நிற்காது. ஜெட்டையும் நீடிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிறகு மெயின் ஜெட்டை ஒரு எண் ஏற்றி, ஏற்றத்தில் ஓட்டி, பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். பெரிய கார்புரேட்டருக்குப் பணம் எடுத்துவைத்திருப்பவர்கள் முதலில் நீடில், நீடில் ஜெட் என்ற இந்த இரண்டு சின்னச் சாமான்களை வாங்கட்டும்.